வேலையை விடாமல் ஒரு சமூகப்பணிப் பட்டம்: வானூர் வட்டாரத்துக்குப் பகுதிநேர முதுகலை ஏன் வேண்டும்?

விழுப்புரம் மாவட்டத்தில் புதுச்சேரியை ஒட்டிக் கிடக்கும் வானூர் வட்டத்துக்குள் பல உலகங்கள் இருக்கின்றன. கிழக்கே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று கடலோரக் குடியிருப்புகள். மேற்கே திருவக்கரைப் பக்கம் கல் குவாரிகளும் கிரஷர்களும். நடுவே ஆரோவில்லும் அதைச் சூழ்ந்த கிராமங்களும். ஊர்தோறும் ஊர்த்தெரு, காலனி என்ற பிரிவு. இந்த ஊர்களில் காலை முதல் மாலை வரை மக்கள் பிரச்சினைகளோடு மல்லுக்கட்டும் ஒரு பெரும் பணியாளர் கூட்டம் இருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுக் கூட்டமைப்பின் பயிற்றுநர், மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர், எச்.ஐ.வி. நம்பிக்கை மைய ஆலோசகர், தொண்டு நிறுவனக் களப்பணியாளர், பள்ளி ஆசிரியர் ஆகியோர் அதில் அடக்கம். இவர்களில் பட்டதாரிகள் நிறையப் பேர். செய்யும் வேலைக்குரிய சமூகப்பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. படிக்க இவர்கள் விரும்பினால், இரண்டு ஆண்டு வேலையை விட்டுவிட்டு முழுநேரக் கல்லூரிக்குப் போக வேண்டும். இல்லையேல் அஞ்சலில் வரும் புத்தகங்களோடு தனியே போராட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். வேலையில் இருப்போருக்கென, தமிழ்வழியில், இவ்வட்டாரத்திலேயே ஒரு பகுதிநேர முதுகலை தொடங்கப்பட வேண்டும். அதன் தரத்தை வகுப்பு நடக்கும் கிழமையை வைத்து எடைபோடக் கூடாது. களப்பணிக்குக் கிடைக்கும் மேற்பார்வையை வைத்தே எடைபோட வேண்டும்.

இது புதுமையான கோரிக்கை இல்லை. சமூகப்பணிக் கல்வி பிறந்ததே வேலையில் இருந்தவர்களுக்காகத்தான். 1898இல் நியூயார்க்கின் அறநிலைய அமைப்பொன்று நடத்திய ஆறு வாரக் கோடைப் பள்ளிதான் பின்னாளில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளியாக வளர்ந்தது. ஏற்கெனவே ஏழைகளிடையே வேலை செய்தவர்கள் தங்கள் அனுபவத்தை முறைப்படுத்திக்கொள்ள வந்து படித்த இடம் அது. இந்தியாவில் கிளிஃபோர்ட் மான்ஷார்ட், பம்பாயின் நாக்பாடா பகுதியில் அக்கம்பக்க மையம் ஒன்றை நடத்தியபோது பயிற்சி பெற்ற பணியாளர் பற்றாக்குறையை நேரில் கண்டார். 1936இல் தொடங்கப்பட்ட சர் தோராப்ஜி டாடா பள்ளியின் முதல் இயக்குநரும் அவரே. இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். தமிழகத்தில் 1952இல் சென்னை சமூகப்பணிப் பள்ளியை உருவாக்கிய மேரி கிளப்வாலா ஜாதவ், கில்ட் ஆஃப் சர்வீஸ் அமைப்பின் தன்னார்வப் பணியில் ஊறியவர். நல்லெண்ணம் மட்டும் போதாது, பயிற்சி வேண்டும் என்பதை வேலையே அவருக்குக் கற்றுத்தந்தது. வேலைக்குப் பின் கல்வி என்ற இந்த வரிசை, பல்கலைக்கழகங்கள் பொறுப்பேற்றபின் தலைகீழானது. 21 வயதில் இளங்கலை முடித்து நேரே வரும் மாணவரை மனத்தில் வைத்தே கால அட்டவணை, வருகைப்பதிவு, களப்பணி நாட்கள் எல்லாம் வகுக்கப்பட்டன. அந்த அமைப்பு அவர்களுக்குப் பொருந்தியது. களத்தில் பத்தாண்டு கழித்தவரை அது வாசலிலேயே நிறுத்திவிட்டது.

பயிற்சிக்கு அப்படி என்ன தேவை இருக்கிறது என்பதை விழுப்புரம், திண்டிவனம் பகுதியின் ஒரு பிரச்சினையை அருகில் வைத்துப் பார்த்தாலே தெரியும். செங்கல் சூளையிலோ மரம் வெட்டும் இடத்திலோ முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த ஓர் இருளர் பழங்குடிக் குடும்பம் மீட்கப்படுகிறது என்று கொள்வோம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்படி வருவாய்த்துறை விசாரித்து விடுதலைச் சான்று தர வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் மறுவாழ்வு நிதி நகராது. 2016இல் மாற்றியமைக்கப்பட்ட மத்தியத் திட்டப்படி, மீட்கப்பட்ட ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைக்கு ஆளானோருக்கு 3 லட்சம் ரூபாய் வரை உண்டு; முழுத் தொகையும் கிடைப்பது வழக்கின் போக்கைப் பொறுத்தது. இதற்கிடையில் பழங்குடிச் சாதிச் சான்றுக்கு கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் அலுவலகம், குடும்ப அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலகம், மனைப்பட்டாவுக்கு வட்டாட்சியர், வங்கிக் கணக்குக்கு ஆதார், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கத் தலைமையாசிரியர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல். ஒரு வாசலில் கேட்கும் காகிதம் இன்னொரு வாசலில் கிடக்கும். இந்த ஓட்டத்தினிடையே, மீண்டும் அதே முன்பணத்தை வாங்க அந்தக் குடும்பத்தைத் துரத்தும் கடனையும் அச்சத்தையும் நோயையும் யார் கவனிப்பது? சட்டம் தெரிந்தால் போதாது. மனிதரைக் கேட்கத் தெரிய வேண்டும், குழுவாகத் திரட்டத் தெரிய வேண்டும், பதிவு எழுதத் தெரிய வேண்டும், அலுவலகத்தோடு சண்டையில்லாமல் விடாப்பிடியாகப் பேசத் தெரிய வேண்டும். தனிநபர் சமூகப்பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பாக்கம் என்று எம்.எஸ்.டபிள்யூ. பாடத்திட்டம் பிரித்துச் சொல்லித்தரும் திறன்கள் எல்லாம் இந்த ஒரு குடும்பத்தின் வழக்கில் ஒன்றாக வந்து நிற்கின்றன.

அண்மை ஆண்டுகளின் நிகழ்வுகளும் இதையே சொல்கின்றன. 2023 பிப்ரவரியில் விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் அனுமதியின்றி இயங்கிய ஆதரவற்றோர் இல்லமொன்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். துன்புறுத்தல் குற்றச்சாட்டுகள் விசாரணைக்குச் சென்றன. அதே ஆண்டு மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒவ்வொரு முறையும் அரசு இயந்திரம் ஓடி வந்தது, நிவாரணம் அறிவிக்கப்பட்டது. ஆனால் கணவனை இழந்த பெண்ணின் அடுத்த இரண்டு ஆண்டுகள், பிழைத்து வந்த குடிநோயாளியின் சிகிச்சை, மீட்கப்பட்டவரின் மனநலம், வெள்ளத்தில் புத்தகம் போன பிள்ளையின் இடைநிற்றல் ஆகியவை நிவாரணப் பட்டியலுக்குள் வருவதில்லை. அவற்றைத் தொடர்ந்து பார்ப்பவர் அந்த ஊரிலேயே இருப்பவராகத்தான் இருக்க முடியும். 2011 கணக்கெடுப்பில் அன்றைய ஒருங்கிணைந்த விழுப்புரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 34.58 லட்சம், அதில் பட்டியல் சாதியினர் சுமார் 29 சதவீதம். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகும் இந்தச் சமூக அமைப்பு பெரிதாக மாறிவிடவில்லை. வானூர் தனித்தொகுதியாக இருப்பதும் இதன் அடையாளமே. இப்படிப்பட்ட பகுதிக்கு வெளியூரிலிருந்து வந்து போகும் பட்டதாரிகளைக் காட்டிலும், உள்ளூரில் வேரூன்றிய பணியாளர்களைப் பட்டதாரிகளாக்குவதுதான் பயன் தரும்.

சட்டமும் திட்டங்களும் பட்டத்தை நோக்கியே நகர்கின்றன. மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் வழிகாட்டுதல்களில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பல பணியிடங்களுக்குச் சமூகப்பணிப் பட்டம் தகுதிகளில் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. எச்.ஐ.வி. நம்பிக்கை மையங்களில் ஆலோசகராகச் சேரவும் அந்தப் பட்டம் கைகொடுக்கிறது. 2021இல் வந்த தேசியத் துணைநிலை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணை, மருத்துவச் சமூகப்பணியாளரையும் மனநலச் சமூகப்பணியாளரையும் சுகாதாரத் தொழில்முறையாளராகச் சேர்த்திருக்கிறது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியும், வானூர் மக்கள் நாளும் நாடும் ஜிப்மரும் இருக்கும் பகுதியில் இது சாதாரண மாற்றம் இல்லை. மறுபக்கம், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இளைஞர் நீதிக் குழுமத்தில் இரண்டு சமூகப்பணியாளர்களை உட்கார வைக்கிறது. குழந்தைகள் தொடர்பான கல்வி, சுகாதாரம், நலப்பணியில் 7 ஆண்டு ஈடுபட்டிருப்பது அதற்கான தகுதிகளில் ஒன்று. ஆக, அனுபவத்துக்கும் மதிப்பு உண்டு, பட்டத்துக்கும் மதிப்பு உண்டு என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. இரண்டையும் ஒருவரிடமே சேர்க்கும் கல்வி வழிதான் இவ்வட்டாரத்தில் இல்லாமல் இருக்கிறது.

இப்போது இருக்கும் வழிகளைப் பார்ப்போம். வானூர் எல்லையை ஒட்டிய காலாப்பட்டில் 1985இல் நிறுவப்பட்ட புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே சமூகப்பணித் துறையும் உண்டு. ஆனால் அது முழுநேர, ஆங்கிலவழிப் படிப்பு. தேசிய அளவிலான நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பக்கத்தில் இருந்தும், கிளியனூரில் மகளிர் குழுக்களோடு வேலை செய்யும் 35 வயதுப் பெண்ணுக்கு அது எட்டாத தூரம். இரண்டாவது வழி, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். எந்தப் பட்டதாரியும் சேரலாம், தன் வேகத்தில் படிக்கலாம், களப்பணியும் கட்டாயம் என்பதால் அதன் எம்.எஸ்.டபிள்யூ.வைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் பயிற்றுமொழி ஆங்கிலமும் இந்தியும்தான். மூன்றாவது வழி, மாநிலப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைக் கல்வி. எளிய மக்களை உயர்கல்விக்குள் கொண்டுவந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் 2022 மார்ச்சில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15க்குப் பின் உரிய அனுமதி இல்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) பொது அறிவிப்பு வெளியிட்டபோது, அந்நிறுவனத்தை நம்பிப் படித்தவர்கள் கலங்கிப்போனார்கள். ‘கரஸ்ல படிச்சதா, ரெகுலரா?’ என்று நேர்முகத் தேர்வில் கேட்கப்படும் ஒற்றைக் கேள்வி பல வருட உழைப்பைச் சிறுமைப்படுத்துகிறது. நேரடி வகுப்பும் பல்கலைக்கழகத் துறையின் நேரடிப் பொறுப்பும் கொண்ட பகுதிநேரப் படிப்பு, இந்த மூன்றின் குறைகளையும் தாண்ட முடியும்.

ஆனால் தாண்டுமா என்பது களப்பணியில்தான் முடிவாகும். சமூகப்பணிக் கல்வியின் உயிர்நாடி அது. வாரத்தில் இரண்டு நாள், சுமார் 15 மணி நேரம் மாணவர் ஒரு நிறுவனத்திலோ குடியிருப்பிலோ வேலை செய்து, அறிக்கை எழுதி, மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து விவாதிப்பதே முழுநேரப் படிப்பின் நடைமுறை. இந்த விவாதம் எப்படி மாற்றம் தருகிறது என்பதை ஒரு சாதாரண அறிக்கையில் காணலாம். ‘வீட்டிற்குச் சென்றேன். தாயிடம் பேசினேன். மகளைப் பள்ளிக்கு அனுப்புமாறு அறிவுரை கூறினேன். அவர் ஒப்புக்கொண்டார்’ என்று மாணவர் நான்கு வரி எழுதியிருப்பார். நல்ல மேற்பார்வையாளர் அதன் ஓரத்தில் கேள்விகளாக எழுதுவார்: வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? அந்தப் பெண் எங்கே இருந்தாள்? அவளிடம் யாராவது பேசினார்களா? தாய் தலையாட்டியது சம்மதமா, உங்களை அனுப்பிவைக்கும் வழியா? படிப்பு நின்றதற்குக் காரணம் கல்யாணப் பேச்சா, மாதவிடாய்க்குக் கழிப்பறை இல்லாததா, பஸ் நேரமா? அறிவுரை சொல்வதற்கு முன் எத்தனை நிமிடம் காது கொடுத்தீர்கள்? அடுத்த வாரம் அதே வீட்டுக்குப் போகும்போது மாணவர் வேறொருவராகப் போகிறார். புத்தகத்தாலும் காணொலியாலும் இதைச் செய்ய முடியாது. பத்தாண்டு அனுபவத்தாலும் தானாக இது வந்துவிடாது. யாரும் கேள்வி கேட்காத அனுபவம் பழக்கமாக இறுகிவிடும். தொலைநிலைக் கல்வியின் பலவீனமும் பகுதிநேரக் கல்வியின் வாய்ப்பும் இந்த ஓரக் குறிப்புகளில்தான் இருக்கின்றன.

வேலையில் இருப்பவருக்கு இதற்கு நேரம் எங்கே என்ற கேள்வி எழும். கணக்குப் போட்டே பார்ப்போம். வாரத்துக்கு 15 மணி, பருவத்துக்கு 16 வாரம், 4 பருவம் என்றால் முழுநேர மாணவரின் களப்பணி 960 மணி நேரம். அமெரிக்காவில் எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு கேட்கும் குறைந்தபட்சக் களப்பணி 900 மணி. ஆகவே நம் அளவு தாழ்ந்தது இல்லை. இதே 960 மணியை 3 ஆண்டு, 6 பருவங்களுக்குப் பரப்பினால் வாரத்துக்கு 10 மணி ஆகிறது. வகுப்புக்கும் இதே கணக்கில் 10 மணி வைத்தால் மொத்தம் 20. எட்டு மணி நேர வேலைக்கு மேல் இது தாங்காத பாரம் என்பதை மறைக்கக் கூடாது. ஆகவே களப்பணியில் பாதியை, அதாவது 5 மணியை, பணியிடத்தின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு வேலை நேரத்துக்குள்ளேயே அமைக்க வேண்டும். வகுப்பில் 4 மணியை இணையவழிக்கு மாற்றலாம். பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் ஸ்வயம் இணையக் கல்வித் தளத்தின் வழியே பெற யுஜிசியின் 2021 விதிகள் இடம் தருகின்றன. மிச்சம் சனிக்கிழமை 5 மணி வெளிக்களப்பணி, ஞாயிறு 6 மணி நேரடி வகுப்பு, வார நாட்களில் வீட்டிலிருந்தே அந்த 4 மணி இணையவழி வகுப்பு. இதுவும் கடினம்தான். ஆனால் நடக்கக்கூடிய கடினம். மூன்றாண்டில் முடியாதவர் ஐந்தாண்டு வரை எடுத்துக்கொள்ளலாம் என்ற விதியும் சேர்ந்தால், மகப்பேறோ குடும்ப நோயோ படிப்பை முறித்துவிடாது.

தமிழகம் இப்படிப்பட்ட ஏற்பாடுகளை அறியாத மாநிலம் இல்லை. பாலிடெக்னிக் பட்டயம் முடித்து வேலையில் இருப்பவர்களுக்கு அரசுப் பொறியியல் கல்லூரிகளில் பகுதிநேர பி.இ. பல்லாண்டுகளாக நடக்கிறது, அதற்குத் தனிச் சேர்க்கையே உண்டு. சென்னையிலுள்ள தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம், தொழிலாளர் நிர்வாகத்தில் மாலைநேர முதுநிலைப் பட்டயமும் தொழிலாளர் சட்டத்தில் வார இறுதிப் பட்டயமும் நடத்துகிறது. சமூகப்பணிக்கு மிக நெருங்கிய துறை அது. கல்வி ஏணியின் உச்சியில் இருக்கும் பிஎச்.டி. ஆய்வைப் பகுதிநேரமாகச் செய்ய நம் பல்கலைக்கழகங்கள் தாராளமாக அனுமதிக்கின்றன. உச்சிப்படியில் பகுதிநேரம் ஆகுமென்றால், அதற்குக் கீழ்ப்படியில் ஆகாது என்பதற்குக் கல்வி சார்ந்த காரணம் எதுவும் தெரியவில்லை. வெளிநாட்டு எடுத்துக்காட்டும் உண்டு. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் வேலையில் இருப்போரை முன்னிறுத்தியே வளர்ந்தது. அங்கே சமூகப்பணிப் பட்டத்தைப் பகுதிநேரமாகப் படிக்கலாம். தமிழும் ஆட்சிமொழியாக உள்ள அந்நாட்டில், நடுவயதில் வேறு துறையிலிருந்து சமூகப்பணிக்கு வருவது ஏற்கப்பட்ட பாதை.

இனி எதிர்வாதங்கள். அவற்றில் கனமானது, இந்த வேலைக்குப் பட்டம் எதற்கு என்பது. திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டியெழுப்பிய பேராசிரியர் பிரபா கல்விமணி கல்லூரியில் கற்பித்தது இயற்பியல். 1983 முதல் ஆரோவில் கிராமச் செயல்வழிக் குழு சுற்றுக் கிராமங்களில் பெண்களைத் திரட்டியதற்கு மக்களோடு வைத்த நீண்ட உறவே அடிப்படை. பட்டங்கள் அதன் அடிப்படை ஆகவில்லை. இந்த உண்மைகளை மறுக்க வேண்டியதில்லை. பட்டம் அறத்தையோ துணிவையோ தராது. ஆனால் அரிய மனிதர்களை எடுத்துக்காட்டி எல்லாருக்குமான கல்வியை மறுப்பது நியாயம் இல்லை. ஒரு மனிதரின் வாழ்நாள் அர்ப்பணிப்பு ஒரு சங்கத்தை உருவாக்கும். அந்த அனுபவம் அடுத்த தலைமுறைக்குக் கைமாற வேண்டுமானால் அது பாடமாக, பதிவாக, பயிற்சியாக மாற வேண்டும். இந்த அமைப்புகளின் மூத்த பணியாளர்களைக் களப்பணி மேற்பார்வையாளர்களாக அழைத்து உரிய மதிப்பூதியம் தந்தால், பட்டம் இல்லாதவர்களின் அறிவு பட்டப்படிப்புக்குள் நுழையும். அதனால் கூடுதலாகக் கற்கப்போவது பல்கலைக்கழகம்தான்.

இரண்டாவது எதிர்வாதம் தரம் பற்றியது. சட்டக் கல்வியில் மாலைக் கல்லூரிகள் முடிவுக்கு வந்ததைக் காட்டி, தொழிற்கல்வியைப் பகுதிநேரமாக்கினால் சான்றிதழ் வியாபாரம் பெருகும் என்கிறார்கள். இந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. மருத்துவம், சட்டம், செவிலியம் போல் சமூகப்பணிக்கு இந்தியாவில் தனிச் சட்டப்படியான பேரவை கிடையாது. அதனால் கண்காணிப்பு முழுவதும் பல்கலைக்கழகத்தின் நேர்மையைச் சார்ந்தது. ஆனால் இந்தக் குறை முழுநேரப் படிப்புகளுக்கும் பொதுவானதே. பெயருக்குக் களப்பணி, பின்னால் தேதி போட்ட அறிக்கை என்பவை முழுநேரக் கல்லூரியிலும் நிகழக்கூடியவை. ஒரு மேற்பார்வையாளருக்கு 8 மாணவருக்கு மேல் கூடாது, இரண்டு வாரத்துக்கு ஒரு தனிக் கலந்துரையாடல் கட்டாயம், அறிக்கைகளில் ஒரு பகுதியை வெளித்தேர்வாளர் படிக்க வேண்டும் என்று விதி வைத்தால், கிழமை எதுவானாலும் தரம் நிற்கும். ஓர் எல்லையையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சமூகப்பணியாளர் என்று ஏற்க, முதுகலைக்கு மேல் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பயிற்சியைக் கேட்கிறது. பகுதிநேரப் பட்டம் அந்தக் கதவை நேரடியாகத் திறக்காது. சேர்க்கையின்போதே மாணவருக்கு இதைச் சொல்வது பல்கலைக்கழகத்தின் கடமை.

மூன்றாவது, தன் அலுவலகத்திலேயே களப்பணி செய்தால் புதிதாக எதைக் கற்பார் என்ற கேள்வி. அன்றாட வேலையையே களப்பணி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது படிப்பைக் கொன்றுவிடும் என்பது சரி. அதற்காகத்தான் பாதி களப்பணி வெளியே நடக்க வேண்டும். மகளிர் குழுப் பயிற்றுநர் மருத்துவமனையிலும், நம்பிக்கை மைய ஆலோசகர் குவாரித் தொழிலாளர் குடியிருப்பிலும், ஆசிரியர் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் ஒரு பருவமாவது இருக்க வேண்டும். சொந்தப் பணியிடத்தில் செய்யும் பாதியும் வழக்கமான வேலையாக இருக்கக் கூடாது. இதுவரை கடன் தவணைக் கணக்கு மட்டும் பார்த்தவர், தவணை கட்டத் தவறிய குடும்பங்களின் நிலையை ஆராயலாம். அவரை மேற்பார்வையிடுபவர் அவருடைய மேலதிகாரியாக இருக்கக் கூடாது. இருந்தால் தவறை வெளிப்படையாக எழுத எந்த மாணவருக்கும் தைரியம் வராது. இந்த மூன்று நிபந்தனைகளும் நிறைவேறினால் பணியிடக் களப்பணிக்கென்றே ஒரு பலம் உண்டு. கற்றது அடுத்த நாளே பயன்படும். பட்டம் முடிந்ததும் மாணவர் போய்விட மாட்டார், மக்கள் கைவிடப்பட மாட்டார்கள். முழுநேர மாணவர் பருவம் முடிந்ததும் கிளம்பிவிடும்போது, அவரை நம்பிப் பேசத் தொடங்கிய குடும்பம் அரைகுறையாக நின்றுபோகும் வேதனை இதில் இல்லை.

நான்காவது, பெண்களின் சுமை. இந்தப் படிப்புக்கு வரக்கூடியவர்களில் பெண்களே மிகுதியாக இருப்பார்கள். அலுவலகம், அடுப்படி, புத்தகம் என்று மூன்றையும் ஒருவர் தலையில் ஏற்றுவது முன்னேற்றமா என்று கேட்பவர்களின் அக்கறை உண்மையானது. ஆனால் சுமையைக் காரணம் காட்டி வாய்ப்பைத் தராமல் விடுவது, அந்தச் சுமையையே நிரந்தரமாக்கிவிடும். செய்ய வேண்டியது சுமையைக் குறைப்பது. ஞாயிறு வகுப்பு நடக்கும் கல்லூரியிலேயே குழந்தைகள் காப்பகம், கடைசி பஸ்ஸுக்கு முன் முடியும் கால அட்டவணை, தவணைக் கட்டணம், பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்குக் கல்வி உதவித்தொகை பகுதிநேரத்துக்கும் பொருந்தும் என்ற அரசாணை என்று நான்கும் வேண்டும். இவற்றில் எதுவும் பெரும் செலவு பிடிப்பது இல்லை. இவை இல்லாமல் தொடங்கினால், சேர்ந்தவர்களில் பாதிப்பேர் இரண்டாம் பருவத்தில் காணாமல் போவார்கள். குறை படிப்பின் மேல் விழும்.

ஐந்தாவது, பட்டம் வாங்கினால் சம்பளம் உயருமா என்ற நேரான கேள்வி. ஒப்பந்த ஊதியத்திலும் மதிப்பூதியத்திலும் ஓடும் திட்டப்பணிகளில் அது தானாக உயராது. இதை மழுப்பினால் ஏழைப் பணியாளரின் பணத்தைத்தான் வீணாக்குவோம். ஆகவே படிப்பைத் தொடங்கும்போதே அரசுத் துறைகள் இரண்டு வாக்குறுதிகளைத் தர வேண்டும். மேற்பார்வையாளர், பாதுகாப்பு அலுவலர், ஆலோசகர் போன்ற பணியிடங்களில், துறையில் ஏற்கெனவே பணியாற்றிப் பட்டம் பெற்றவர்களுக்கு ஒரு பங்கை ஒதுக்குவது முதலாவது. பகுதிநேரப் பட்டமும் முழுநேரப் பட்டமும் பணி நியமனத்தில் சமம் என்று ஆணையிடுவது இரண்டாவது. 2021 அக்டோபரில் மரக்காணம் ஒன்றியத்தின் முதலியார்குப்பத்தில் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் தொடங்கிவைத்தார். தன்னார்வலர்களின் உழைப்பை அரசு எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதை இந்த மாவட்டம் அன்றே கண்டது. அந்த உழைப்பைப் பயன்படுத்திக்கொள்ளும் அரசு, உழைப்பவர் மேலேறுவதற்கு ஒரு படிக்கட்டையும் கட்டித்தரக் கடமைப்பட்டிருக்கிறது.

தமிழ்வழி என்றதும் ஒரு தயக்கம் எழும்: சர்வதேச நூல்கள் ஆங்கிலத்தில், சட்டங்கள் ஆங்கிலத்தில், நிதி விண்ணப்பங்கள் ஆங்கிலத்தில் இருக்கும்போது தமிழில் படித்தவர் எங்கே போவார்? அவர் வேலை செய்யும் வீட்டில் அழுகையும் கோபமும் தமிழில்தான் வருகின்றன. நேர்காணலை அந்த மொழியில் நடத்தி, ஆங்கிலத்தில் நினைத்து அறிக்கை எழுதும்போது, சொன்னவரின் சொல் பாதி தொலைந்துபோகிறது. எனவே கற்பித்தலும் களப்பணி அறிக்கையும் தேர்வும் தமிழில் இருக்கட்டும். சட்டப் பிரிவுகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் வாசிக்கவும் திட்ட முன்மொழிவு எழுதவும் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு செய்முறை ஆங்கிலத் தாள் சேர்க்கட்டும். தமிழில் தரமான சமூகப்பணிப் பாடநூல்கள் குறைவு என்பது தொடங்காமலிருக்கக் காரணம் ஆகாது. படிப்பு தொடங்கி, இவ்வட்டாரத்து வழக்குகள் பதிவாகத் தொடங்கினால்தான் அந்த நூல்கள் பிறக்கும்.

இதைத் தொடங்க வேண்டிய இடமும் தெளிவாகவே இருக்கிறது. விழுப்புரம் மாவட்டக் கலைக் கல்லூரிகள் இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் வானூர் அரசுக் கல்லூரியும் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள். முதல் அணிக்கு 30 பேர், நான்கு முழுநேர ஆசிரியர்கள், மதிப்பூதியத்தில் உள்ளூர் மேற்பார்வையாளர்கள், பணியிடங்களோடு ஒப்பந்தம் என்ற அளவில் பல்கலைக்கழகத்தின் கல்விக்குழு தீர்மானம் போட்டால் வேலை தொடங்கிவிடும். சேர்க்கைக்கு மதிப்பெண்ணோடு களப்பணி ஆண்டுகளையும் கணக்கிட வேண்டும். மூன்றாண்டு முடிவில் இந்தப் படிப்பை மூன்று கேள்விகளால் அளக்கலாம்: சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்களில் எத்தனை பேர் இதே வட்டாரத்தில் வேலை செய்கிறார்கள், அவர்கள் கையாளும் வழக்குகளில் விடுதலைச் சான்றோ பள்ளிச் சேர்க்கையோ சிகிச்சையோ முன்பைவிட விரைவாக முடிகின்றனவா. விடை சாதகமாக வந்தால் மற்ற மாவட்டங்கள் பின்பற்றட்டும், வராவிட்டால் திருத்தட்டும். மக்களுக்காக உழைத்தபடியே கற்க விரும்புகிறவரிடம், உழைப்பு அல்லது கல்வி என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இன்றைய நிலைதான் நியாயம் அற்றது. அதை மாற்றும் அதிகாரம் பல்கலைக்கழகத்திடமும் அரசிடமும் இருக்கிறது. மாற்றக் கோரும் உரிமை இந்தப் பணியாளர்களுக்கும் அவர்களை நம்பியிருக்கும் மக்களுக்கும் இருக்கிறது.